தலையாட்டி பொம்மையும் ராக்கெட்டும்: டெல்டா வயலில் ஒரு தண்ணி ராக்கெட்

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம் இது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டோம். கணக்குகளை மட்டும் படிக்க வசதியாகக் கொஞ்சம் விரித்திருக்கிறோம்.)

இன்னைக்கு ராக்கெட் பத்திப் பேசப் போறோம். இஸ்ரோ ராக்கெட் இல்ல, நாமளே கையால செஞ்சு, நம்ம ஊர் வயல்ல நின்னு விடக்கூடிய ராக்கெட்.

விண்வெளி சம்பந்தமா எந்த எபிசோட் போட்டாலும் ஒரு கேள்வி வந்துடும். "அண்ணா, வீட்டுல ராக்கெட் செய்யலாமா? யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்தேன், உரக்கடையில ஒண்ணு, சமையலறையில ஒண்ணு, ரெண்டையும் கலந்தா போதும்னு சொல்றாங்க." கேக்கறவங்க பெரும்பாலும் 9-வது, 10-வது படிக்கிற பசங்க. நிறைய பேர் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம்.

என் பதில்: அந்தக் கலவை வேண்டவே வேண்டாம். ஆனா ராக்கெட் வேணும். ரெண்டையும் ஏன் சொல்றேன்னு விளக்குறதுதான் இந்த எபிசோட்.

மாடல் ராக்கெட் பொழுதுபோக்கு எதுக்காகப் பிறந்துச்சு

அமெரிக்காவுல மாடல் ராக்கெட் ஒரு பெரிய பொழுதுபோக்கு. அட்டைக் குழாய் உடம்பு, லேசான மரத்துல இறக்கை, உள்ள ஒரு சின்ன ரெடிமேட் மோட்டார். அந்த மோட்டார் மேல "சி6-5"னு எழுதியிருக்கும். சி-ங்கறது மொத்த உந்தத்தோட அளவு, 5-லேருந்து 10 நியூட்டன்-வினாடி வரைக்கும். 6-ங்கறது சராசரி உந்துவிசை, 6 நியூட்டன். 5-ங்கறது எரிஞ்சு முடிஞ்ச பிறகு பாராசூட்டைத் தள்ளிவிட எத்தனை வினாடி காத்திருக்கும்ங்கற கணக்கு. ஏ, பி, சி, டி-னு எழுத்து ஒண்ணு கூடினா சக்தியோட உச்சவரம்பு ரெண்டு மடங்காகும்.

இதெல்லாம் எப்படி வந்துச்சுங்கறதுதான் நமக்கு முக்கியம். 1950-கள்ல அங்க பசங்க தாங்களே மருந்து கலந்து, இரும்புக் குழாயில அடைச்சு, ராக்கெட் விட்டு, கையையும் கண்ணையும் இழந்துட்டு இருந்தாங்க. ஏவுதளத்துல வேலை பார்த்த ஹாரி ஸ்டைன் இந்த ஆபத்தைப் பத்தி 1957-ல ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அதைப் படிச்ச ஓர்வில் கார்லைல் அவரைத் தொடர்பு கொண்டார். நெப்ராஸ்கா மாநிலத்துல செருப்புக்கடை வெச்சிருந்தவர், வாணவேடிக்கையில ஆர்வம் உள்ளவர். தான் செஞ்ச அட்டை ராக்கெட்டையும், மாத்திப் போடக்கூடிய மோட்டாரையும் அனுப்பி வெச்சார். அங்கேருந்துதான் இந்தப் பொழுதுபோக்கு கிளம்புச்சு. அதாவது, பசங்க மருந்தைக் கையால தொடக்கூடாதுங்கறதுக்காகவே உருவானதுதான் மாடல் ராக்கெட். மோட்டாரை ஒரு தொழிற்சாலை செய்யும், மத்ததை நீ செய். அதுதான் ஒப்பந்தம்.

நம்ம ஊர்ல அந்த ரெடிமேட் மோட்டாரைப் பொம்மைக் கடையில வாங்க முடியாது. 1884-ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டமும், 2008-ல வந்த வெடிபொருள் விதிகளும் இருக்கு. உரிமம் இல்லாம வெடிமருந்து தயாரிக்கறது குற்றம். "சும்மா படிப்புக்குத்தான்"னு சொன்னா சட்டம் விட்டுடாது.

சட்டத்தை விடுங்க, பொறியியல் என்ன சொல்லுது

திட எரிபொருள் எரியற வேகம் நிலையானது இல்ல. சுத்தியிருக்கிற அழுத்தம் கூடினா எரியற வேகமும் கூடும். வேகம் கூடினா வாயு அதிகம் வரும், வாயு அதிகமானா அழுத்தம் இன்னும் கூடும். சரியான அளவுல வெச்ச மூக்குத்துளை வழியா வாயு வெளியேறிட்டே இருக்கறதால இந்தச் சுழற்சி ஒரு இடத்துல நிக்குது.

இப்ப உள்ள அடைச்ச மருந்துல தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருக்குன்னு வெச்சுக்குங்க. நெருப்பு அந்த விரிசலுக்குள்ள நுழையும். எரியற பரப்பு சட்டுனு கூடும். துளை அதே அளவுதான். அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். அந்த விரிசல் வெளியிலேருந்து கண்ணுக்குத் தெரியாது. காய்ச்சும்போது ஒரு காத்துக் குமிழி மாட்டினா போதும், ஆற வைக்கும்போது சுருங்கினா போதும். ஒன்பது தடவை நல்லாப் போன அதே செய்முறை பத்தாவது தடவை கையில வெடிக்கறது இதனாலதான்.

தலைமுறையா இதே தொழில்ல இருக்கிற சிவகாசிப் பக்கத்துலயே விபத்து நிக்கல. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்துல குறைந்தது 38 பேர் இறந்தாங்க. அனுபவமும் உரிமமும் உள்ள இடத்துல நிலைமை இதுன்னா, மொட்டை மாடியில, அலுமினியப் பாத்திரத்துல, செல்போன்ல வீடியோ பார்த்துட்டே கலக்கற இடத்துல என்ன உத்தரவாதம் இருக்கு?

டெல்டாவுல இன்னொரு காரணமும் இருக்கு. அறுவடை முடிஞ்ச பிறகு இங்க எங்க பார்த்தாலும் எரியற பொருள்தான். வயல்ல வைக்கோல், ரோட்டுல காயற நெல், கொள்முதல் நிலையத்துக்கு வெளியே தார்ப்பாய் போட்ட நெல் குவியல். ஒரு பொறி விழுந்தா அது ஒரு குடும்பத்தோட ஆறு மாச உழைப்பு. அதனால நம்ம ராக்கெட்ல நெருப்பே இருக்கக் கூடாது.

ராக்கெட்டுக்கும் நமக்கும் பழைய பழக்கம்

இரும்புக் குழாய் ராக்கெட்டைப் போர்ல பெரிய அளவுல பயன்படுத்தினது ஹைதர் அலியும் திப்புவும். 1780 செப்டம்பர் 10, காஞ்சிபுரம் பக்கத்துல புள்ளலூர்ல, ஆங்கிலப் புத்தகங்கள்ல 'பொல்லிலூர்'னு வர்ற ஊர்ல, கர்னல் பெய்லியோட கம்பெனிப் படை தோத்துப் போச்சு. ராக்கெட் விழுந்து வெடிமருந்து வண்டிகள் தீப்பிடிச்சதுன்னு அந்தப் போர் பத்தின பல குறிப்புகள் சொல்லுது. 1799-ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போச்சு. அதைப் பார்த்துத்தான் காங்கிரீவ் தன்னோட ராக்கெட்டை உருவாக்கினார். அமெரிக்காவுல வாலப்ஸ் தீவு நாசா மையத்துல திப்பு படையோட ராக்கெட் ஓவியத்தைப் பார்த்து அசந்து நின்னதா அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்'ல எழுதியிருக்கார்.

1963 நவம்பர் 21-ல தும்பாவிலேருந்து முதல் ராக்கெட் போனப்ப அது அமெரிக்க நைக்-அப்பாச்சி. நாமளே செஞ்ச ரோகிணி ஆர்.எச்-75 போனது 1967 நவம்பர்ல. 75-ங்கறது அதோட விட்டம், மில்லிமீட்டர்ல. ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலோட விட்டம் சுமார் 110 மில்லிமீட்டர். நீங்க குடிச்சுட்டுத் தூக்கிப் போடற பாட்டில், நம்ம முதல் ராக்கெட்டை விடக் குண்டு!

சமீப காலத்துக்கு வருவோம். 2017 ஜூன் 22, கரூர் மாவட்டம் பள்ளப்பட்டி ரிஃபாத் ஷாரூக் குழு செஞ்ச 64 கிராம் கலாம்சாட், வாலப்ஸிலேருந்து நாசா ராக்கெட்ல போச்சு. அது பூமியைச் சுத்தலங்கறதையும் சேர்த்துத் தெரிஞ்சுக்குங்க. மேல போய்க் கீழ வர்ற துணைச்சுற்றுப் பயணம் அது. பூமியைச் சுத்தினது 2019 ஜனவரி 24-ல பிஎஸ்எல்வி சி-44-ல போன கலாம்சாட்-வி2. 2020-ல தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழக மாணவர் ஒருத்தர் செஞ்ச குட்டி ஃபெம்டோ செயற்கைக்கோள்கள் க்யூப்ஸ் இன் ஸ்பேஸ் போட்டியில தேர்வாகிச் செய்தியாச்சு. 2023 பிப்ரவரி 19, செங்கல்பட்டு மாவட்டம் பட்டிப்புலத்திலேருந்து ஒரு ஹைப்ரிட் ராக்கெட், பள்ளி மாணவர்கள் செஞ்ச 150 பிக்கோ செயற்கைக்கோள்களோட போச்சு. 2024 ஆகஸ்ட் 24-ல ஸ்பேஸ் சோன் இந்தியாவோட ரூமி-1, திருவிடந்தையிலேருந்து நகரும் ஏவுதளத்துல கிளம்புச்சு.

ஏன் ஹைப்ரிட்? அதுல எரிபொருள் திடமா ஒரு பக்கம், எரியவைக்கிற ஆக்சிஜன் தர்ற பொருள் வேற தொட்டியில. ரெண்டும் சேர்ற வரைக்கும் வெடிக்காது. ரூமி-1-ல பாராசூட்டைத் தள்ளறதுக்குக்கூட வெடிமருந்து இல்லாம கார்பன் டை ஆக்ஸைடு வாயுவைத்தான் வெச்சிருந்தாங்க. தொழில்முறையா செய்யறவங்களே வெடிமருந்துலேருந்து தள்ளிப் போறாங்க பாருங்க.

தண்ணி எப்படித் தள்ளுது

நம்ம ராக்கெட்: ஒரு ரெண்டு லிட்டர் பாட்டில், மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி இடத்துல சைக்கிள் பம்ப்ல அடிச்ச காத்து. அவ்வளவுதான் எரிபொருள்.

பரிசல்ல நின்னுட்டு ஒரு நெல் மூட்டையைக் கரைப் பக்கம் எறிஞ்சா பரிசல் எதிர்ப்பக்கம் நகரும். மூட்டை கனமா இருந்தா அதிகமா நகரும், வேகமா எறிஞ்சாலும் அதிகமா நகரும். ராக்கெட்டுக்கு வேற ரகசியம் கிடையாது. காத்தை மட்டும் அடைச்சு விட்டா, எறியற பொருள் லேசு, பாட்டில் கொஞ்சம் எழும்பி விழும். தண்ணி கனம். காத்து அமுக்கின ஸ்பிரிங் மாதிரி நின்னு, தண்ணியைக் கீழே எறியும். பாட்டில் முழுக்கத் தண்ணி ஊத்தினா எறியறதுக்கு ஸ்பிரிங் இல்ல. அதனாலதான் மூணுல ஒரு பங்கு.

கணக்கு போடுவோம். 60 பிஎஸ்ஐ அழுத்தம், அதாவது ஏறக்குறைய 4 பார். தண்ணி வெளியேறற வேகத்துக்கான சூத்திரம்: அழுத்தத்தை ரெண்டால பெருக்கி, தண்ணியோட அடர்த்தியால வகுத்து, வர்க்கமூலம் எடுக்கணும். 4 லட்சம் பாஸ்கல், 1000 கிலோ அடர்த்தி. விடை வினாடிக்கு 28 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம்.

பாட்டில் கழுத்தோட உள்விட்டம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர். அதுல கிடைக்கிற உந்துவிசை கிளம்பற நொடியில சுமார் 300 நியூட்டன், 30 கிலோ எடையைத் தூக்கற விசை. ராக்கெட்டோ தண்ணியோட சேர்த்து முக்கால் கிலோதான். அதனால கிளம்பும்போது புவியீர்ப்பைப் போல கிட்டத்தட்ட 40 மடங்கு முடுக்கம். தண்ணி முழுக்க வெளிய வர்றதுக்கு வினாடியில பத்துல ஒரு பங்கு நேரம் போதும். அதனாலதான் கண்ணால பார்க்கும்போது "டுஸ்"ங்கற சத்தம் மட்டும் மிச்சம், பாட்டில் அங்க இருக்காது.

இதே கணக்கை நீட்டினா வினாடிக்கு 40 மீட்டர் வேகம் கிடைக்கும். காத்துத் தடையே இல்லன்னா 80 மீட்டர் உயரம். நிஜத்துல தடை இருக்கு, அதனால நல்லாவே குறையும். பெரிய கோவில் விமானம் சுமார் 66 மீட்டர். நல்லா செஞ்ச ராக்கெட் அந்த உயரத்துக்குப் பக்கத்துல போகப் பார்க்கும்.

இதை நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. இது விளையாட்டுப் பொருள்னு நினைச்சு மேல குனிஞ்சு பார்க்கக் கூடாது. 30 கிலோ விசை முகத்துல வந்து அடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க.

தலையாட்டி பொம்மை சொல்லித் தர்ற தப்புப் பாடம்

இதுதான் இந்த எபிசோட்லயே எனக்குப் பிடிச்ச பகுதி.

தஞ்சாவூர்ல எந்தப் பையன்கிட்ட கேட்டாலும், "ஒரு பொருள் நேரா நிக்கணும்னா கனம் எங்க இருக்கணும்?"னு கேட்டா, "அடியில"ன்னு சொல்லுவான். வீட்டுல தலையாட்டி பொம்மை பார்த்து வளர்ந்தவன். அடியில உருண்டையா, கனமா இருக்கும்; சாய்ச்சா திரும்ப எழுந்து நிக்கும். அதனால முதல் ராக்கெட் செய்யும்போது அடியில களிமண்ணை அப்புவான். ராக்கெட் கிளம்பும், ரெண்டு ஆள் உயரத்துல குட்டிக்கரணம் அடிச்சு, பக்கவாட்டுல பாயும்.

ஏன்? பொம்மைக்குத் தரை இருக்கு. சாய்ச்சா, தரை அதைத் தொடற புள்ளி ஒரு பக்கம் நகருது, கனம் இன்னொரு பக்கம் நிக்குது. தரை மேல தள்ளுது, புவியீர்ப்பு கீழ இழுக்குது. இந்த ரெண்டும் சேர்ந்துதான் பொம்மையை நிமிர்த்துது. ஆகாயத்துல தரை கிடையாது. புவியீர்ப்பு ராக்கெட்டோட ஒவ்வொரு துகளையும் ஒரே மாதிரி இழுக்குது. அதனால அது ராக்கெட்டை இறக்குமே தவிர, திருப்பாது, நிமிர்த்தவும் செய்யாது.

இதுல ஏமாந்தவர் சாதாரண ஆள் இல்ல. 1926 மார்ச் 16-ல உலகத்தோட முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை விட்ட ராபர்ட் காடர்ட், எஞ்சினை மேலேயும் தொட்டிகளைக் கீழேயும் வெச்சிருந்தார். மேலேருந்து இழுத்தா, தொங்கற ஊஞ்சல் மாதிரி நேராப் போகும்னு எண்ணம். அதனால எந்த லாபமும் இல்லன்னு தெரிஞ்சு, பிறகு எஞ்சினைக் கீழ கொண்டு போயிட்டார். ஊஞ்சலுக்கு மேல கொக்கி இருக்கு. ராக்கெட்டுக்கு எந்தக் கொக்கியும் இல்லையே.

அப்ப ராக்கெட்டை நேரா வெச்சிருக்கறது எது? காத்து. ராக்கெட் கொஞ்சம் சாஞ்சா, எதிர்காத்து பக்கவாட்டுல தள்ளும். அந்தத் தள்ளுதல் எல்லாம் சேர்ந்து ஒரு புள்ளியில விழறதா எடுத்துக்கலாம், அதுக்குப் பேர் அழுத்த மையம். ராக்கெட் திரும்பறது அதோட எடை மையத்தைச் சுத்தி. அழுத்த மையம் எடை மையத்துக்குப் பின்னாடி இருந்தா, காத்து வாலைத் தள்ளி மூக்கை நேராக்கும். முன்னாடி இருந்தா, காத்து மூக்கையே தள்ளிக் கவுத்துடும்.

அதனால விதி தலைகீழ்: கனம் மூக்குல, பரப்பு வால்ல. இறக்கை பின்னாடி இருக்கறதும், பட்டத்துக்கு வால் கட்டறதும், தீபாவளி ராக்கெட்டுக்கு நீளக் குச்சி இருக்கறதும், திப்பு ராக்கெட்டுக்கு மூங்கில் கட்டினதும் இதே கணக்குதான். ரெண்டு மையத்துக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு பாட்டில் விட்டம் இடைவெளி இருக்கணும்.

இதைச் சோதிக்க ரெண்டு வழி. முதல் வழி: ராக்கெட்டோட பக்கவாட்டு வடிவத்தை ஒரு அட்டையில வெட்டி, ஸ்கேல் மேல வெச்சு, எந்த இடத்துல சமமா நிக்குதுன்னு பாருங்க. அதை அழுத்த மையம்னு வெச்சுக்கலாம். இந்த முறை கொஞ்சம் முன்னாடி தள்ளித்தான் காட்டும், அதனால நம்பிக்கையா எடுத்துக்கலாம். அப்புறம் நிஜ ராக்கெட்டை, தண்ணி இல்லாம, விரல் மேல வெச்சு எடை மையத்தைக் கண்டுபிடிங்க. தண்ணி பத்துல ஒரு வினாடியில போயிடும், மீதிப் பயணம் முழுக்கக் காலி பாட்டில்தான்.

ரெண்டாவது வழி: எடை மையத்துல கயிறு கட்டி, தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னாடி வெச்சு நிலையாச் சுத்தினா ராக்கெட் தேறிடுச்சு. வால் முன்னாடி வந்தா, மூக்குல இன்னும் களிமண் சேருங்க.

செய்யறது

பாட்டில் கேஸ் உள்ள குளிர்பானப் பாட்டிலா இருக்கணும். சாதாரணத் தண்ணி பாட்டில் இந்த அழுத்தத்துக்குச் செஞ்சது இல்ல. மடிப்பு, கீறல், நசுங்கல் இல்லாத ஒண்ணா எடுங்க.

இறக்கைக்கு சன்போர்டு போதும். ஃப்ளெக்ஸ் கடையில வெட்டின துண்டு கேட்டா கிடைக்கும். மூணு அல்லது நாலு இறக்கை. ஆனா அழுத்தம் ஏத்தற பாட்டில்ல நேரா ஒட்டாதீங்க. இன்னொரு பாட்டிலோட நடு உருளையை வெட்டி எடுத்து, அதுல இறக்கையை ஒட்டி, அந்த உறையை ராக்கெட் மேல மாட்டி டேப் போடுங்க. சாஃப்ட்வேர்ல ஒரு பகுதியை மாத்தினா இன்னொரு பகுதி உடையக் கூடாதுன்னு பிரிச்சு எழுதுவோம் இல்லையா, அதே புத்தி. இறக்கை உடைஞ்சா உறையை மட்டும் மாத்தினா போதும்.

மூக்குக்குப் பாதியா வெட்டின ஸ்பாஞ்ச் பந்து, உள்ள 50 கிராம் களிமண். நட்டு, போல்ட், கூழாங்கல் வேண்டாம், அது திரும்பக் கீழ வரும்.

ஏவுகருவிக்கு அரை இஞ்ச் பிளம்பிங் பைப். அதோட வெளிவிட்டம் 21 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பாட்டில் கழுத்துக்குள்ள சரியாப் போகும். ஒரு ஓ-ரிங் போட்டா காத்து கசியாது. இன்னொரு முனையில டியூப்லெஸ் டயர் வால்வு, சைக்கிள் கடையிலயே மாட்டித் தருவாங்க. கழுத்து விளிம்பைப் பிடிச்சுக்கற மாதிரி சுத்தி கேபிள் டை, அதைப் பிடிச்சு வைக்க ஒரு வளையம், வளையத்துல 10 மீட்டர் கயிறு. கயிறை இழுத்தா வளையம் இறங்கும், பாட்டில் விடுபடும். பிவிசி பைப் காத்தழுத்தத்துக்குன்னு செஞ்சது இல்ல. அதனால பைப்பைக் குட்டையா வைங்க, வெயில்ல வெளுத்த பழைய பைப்பைத் தொடாதீங்க. பம்புல அழுத்தமானி இருக்கணும். இல்லாத பம்பை வெச்சு, "கை வலிக்கற வரைக்கும் அடி"ங்கறது முறை இல்ல. 60 பிஎஸ்ஐ-யோட நிறுத்துங்க. பம்புலேருந்து நீளமான ஹோஸ் போட்டு, அடிக்கிறவரும் தள்ளியே நிக்கணும். கண்ணாடி கட்டாயம்.

முதல் தடவை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. பாட்டில் முழுக்க, துளி இடம் விடாம, தண்ணி நிரப்பி 80 பிஎஸ்ஐ வரைக்கும் ஏத்துங்க. தண்ணி அமுங்காது, அதனால அதுல சேர்ற சக்தி ரொம்பக் குறைவு. பாட்டில் கிழிஞ்சாலும் தண்ணி கொட்டும், துண்டு பறக்காது. காஸ் சிலிண்டரையும் பாய்லரையும் தண்ணி வெச்சுச் சோதிக்கறது இதே காரணத்துக்குத்தான்.

எங்க, எப்ப விடறது

டெல்டாவுல வயல் எப்பவும் காலியா இருக்கும்னு வெளியூர்க்காரங்க நினைப்பாங்க. தை, மாசியில சம்பா அறுத்த வயலைப் பார்த்தா தாளடி மட்டும்தான் தெரியும். குனிஞ்சு பாருங்க, உளுந்தோ பயறோ முளைச்சிருக்கும். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, நிக்கற நெல்லுக்குள்ள விதைச்சிருப்பாங்க. பத்துப் பசங்க ராக்கெட்டைத் தேடி அதுல ஓடினா, நஷ்டம் அந்த விவசாயிக்கு. அதனால உளுந்து எடுத்த பிறகு, சித்திரை, வைகாசிதான் நம்ம காலம். வழக்கமா ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா அப்புறம் தண்ணி வந்துடும், குறுவை நடவு ஆரம்பிச்சுடும். வயல்காரர்கிட்ட அனுமதி கேட்டுட்டு இறங்குங்க. முடிஞ்சா அவரையே கயிறு இழுக்கச் சொல்லுங்க, அடுத்த வருஷம் அவரே கூப்பிடுவார். பள்ளி மைதானம் பெருசா இருந்தா அது இன்னும் நல்லது.

நேரம் காலை 6-லேருந்து 8. வெயில் ஏறினா காத்து கிளம்பிடும். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா பாட்டில் எம்மாத்திரம்?

பாராசூட் போட்டா காத்தோட கணக்கு இன்னும் முக்கியம். 150 கிராம் ராக்கெட்டுக்கு 60 சென்டிமீட்டர் விட்டத்துல பாலித்தீன் பாராசூட் கட்டினா வினாடிக்கு மூணரை மீட்டர் வேகத்துல இறங்கும். 50 மீட்டர் உயரத்திலேருந்து 14 வினாடி. காத்து வினாடிக்கு 5 மீட்டர் அடிச்சா, அதுக்குள்ள 70 மீட்டர் தள்ளிப் போயிடும். 40 சென்டிமீட்டர் பாராசூட்டா மாத்தினா 10 வினாடி, 50 மீட்டர். பெரிய பாராசூட்தான் பத்திரம்னு சொல்ல முடியாது. மூக்குக் கூம்பு தானா கழண்டு பாராசூட் விரியற எளிய முறை எல்லாத் தடவையும் வேலை செய்யாது. விரியாதுன்னு நினைச்சே எல்லாரையும் நிக்க வைங்க, எல்லார் கண்ணும் மேலயே இருக்கட்டும்.

மின்கம்பி இருக்கிற பக்கம் போகவே வேண்டாம். டெல்டாவுல பம்ப்செட்டுக்காக வயல் நடுவுல கம்பி போகும். 2022 ஏப்ரல் 27-ல தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல தேர் உயரழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் இறந்ததை நாம மறக்க முடியாது. ராக்கெட் கம்பியில மாட்டினா அது போனதாவே வெச்சுக்குங்க. தொரட்டியோ ஈரக் கயிறோ எடுத்துட்டுப் போகாதீங்க, மின்வாரியத்துக்குச் சொல்லுங்க.

அப்புறம் விமானப்படை தளம். தஞ்சாவூர்ல 2020 ஜனவரி 20-லேருந்து சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவு இருக்கு. அந்தப் பக்கம் எதையும் மேல விடாதீங்க. ட்ரோன்களுக்காக அரசு போட்டிருக்கிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல எது சிவப்போ, அது ராக்கெட்டுக்கும் சிவப்புன்னு எடுத்துக்குங்க. பள்ளி நிகழ்ச்சின்னா காவல் நிலையத்துல ஒரு கடிதம் கொடுத்துடுங்க.

ஒரு விஷயம் கண்டிப்பு: கயிறு இழுத்தும் ராக்கெட் போகலன்னா யாரும் பக்கத்துல போகக் கூடாது. பம்ப் முனையில ஒரு காத்து இறக்கற வால்வு வெச்சு, தூரத்துல இருந்தே இறக்கிட்டு, மானி சுழிக்கு வந்த பிறகுதான் போகணும்.

ரிப்பேர்

விழுந்த ராக்கெட்டை எடுத்ததும் முதல்ல பாட்டிலை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. வெள்ளையா ஒரு கோடோ மடிப்போ தெரிஞ்சா அந்த பாட்டிலோட ராக்கெட் வாழ்க்கை முடிஞ்சுது. டேப் சுத்தி ஓட்டலாம்னு நினைக்காதீங்க. டேப் கசிவை அடைக்கும், பலம் தராது.

ஒட்டும்போதும் கவனம். பெட் பிளாஸ்டிக் 70 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். சூடான க்ளூ கன் வெச்ச இடம் சுருங்கிடும். சூப்பர் க்ளூ பட்ட இடம் மொறுமொறுப்பாகி விரிசல் விடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா அங்கேயே கிழியும். உறை முறையை நான் வலியுறுத்தினது இதுக்குத்தான். பசை எல்லாம் உறையில, அழுத்தம் எல்லாம் பாட்டில்ல. மதிய வெயில்ல காருக்குள்ளயும் வைக்காதீங்க.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் மார்க்கர்ல எண் எழுதி, எத்தனை தடவை ஏத்தினோம்னு கோடு போடுங்க. நான் வெச்சிருக்கிற வரம்பு 15. அதுக்கப்புறம் நல்லா இருந்தாலும் மாத்திடுவேன். ஓ-ரிங்கையும் கேபிள் டையையும் ஒவ்வொரு நாளும் பார்க்கணும், மண் ஒட்டியிருந்தா கழுவணும். நம்ம வண்டல் மண் காய்ஞ்சா சிமெண்ட் மாதிரி பிடிச்சுக்கும்.

அளந்தாத்தான் அறிவியல்

ராக்கெட் "ரொம்ப மேல போச்சு"ன்னு சொன்னா அது வேடிக்கை. எவ்வளவு போச்சுன்னு சொன்னாத்தான் அது சோதனை. ஒரு பாகைமானி, ஒரு ஸ்ட்ரா, நூல்ல கட்டின ஒரு நட்டு போதும். ஏவற இடத்திலேருந்து 40 மீட்டர் தள்ளி ஒருத்தர் நின்னு, உச்சியில ராக்கெட்டை ஸ்ட்ரா வழியாப் பார்த்து, நூல் காட்டற கோணத்தைக் குறிக்கணும். கோணம் 45 டிகிரின்னா உயரம் 40 மீட்டர். 55 டிகிரின்னா 57 மீட்டர். அதோட பார்க்கிறவர் கண் உயரத்தைக் கூட்டிக்கணும். 10-ஆம் வகுப்பு முக்கோணவியல்ல கோபுரத்தோட உயரம் காணற கணக்கு இதேதான்.

இப்ப ஒரு நோட்டு போடுங்க. தண்ணி 400 மில்லி, 600 மில்லி, 800 மில்லின்னு மாத்தி, அழுத்தத்தை மாத்தாம, ஒவ்வொண்ணும் மூணு தடவை விடுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. மூணுல ஒரு பங்குன்னு நான் சொன்னதை நம்பவே வேண்டாம், உங்க நோட்டு என்ன சொல்லுதுன்னு பாருங்க. பட்டிப்புலத்துல மாணவர்கள் அனுப்பின பிக்கோ செயற்கைக்கோளோட வேலையும் கடைசியில அளந்து எழுதறதுதான்.

அந்த உரக்கடை வீடியோ பார்த்துட்டுக் கேள்வி அனுப்பின தம்பி, தங்கச்சிகளுக்கு: உங்க ஆசையில ஒரு குறையும் இல்ல. அழுத்தம், உந்துவிசை, நிலைத்தன்மை, பாதுகாப்புச் சோதனை, ஏவறதுக்கு முன்னாடி எண்ணிக்கை, தப்பினா என்ன செய்யணும்ங்கற திட்டம்னு ஒரு பெரிய ராக்கெட்ல இருக்கிற அத்தனை பாடமும் இந்த பாட்டில்ல இருக்கு. இல்லாதது நெருப்பு ஒண்ணுதான். அதை உரிமமும் ஆய்வகமும் இருக்கிற இடத்துக்கு நீங்க போய்ச் சேர்ற அன்னைக்குத் தொட்டுக்கலாம். அது வரைக்கும் ரெண்டு கண்ணும் பத்து விரலும் முழுசா இருக்கணும்.

ஆசிரியர்கள் யாராவது இதைப் பள்ளியில செஞ்சா, பசங்க எழுதின அளவு நோட்டை எங்களுக்கு அனுப்புங்க. தண்ணி அளவும் உயரமும் போட்ட அட்டவணை வந்தா, அடுத்த எபிசோட்ல அந்த எண்களை வெச்சே பேசுவோம்.